இமை தொங்குவதற்கு நெஞ்சில் எதற்கு ஸ்கேன்? தைமஸ் சுரப்பிக்கும் தசை பலவீனத்துக்கும் என்ன சம்பந்தம்?

மயஸ்தீனியா கிரேவிஸாக (நம் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் தசைகள் சீக்கிரம் ஓய்ந்துபோகும் நோய்) இருக்கலாம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள், கையில் சி.டி. ஸ்கேன் சீட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் அந்தச் சீட்டோடு முழித்தவள்தான். டாக்டர் இல்லை, நோயாளி. திருத்த வருகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. எது நம் உடம்பு, எது அந்நியம் என்று டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) பழகிக்கொள்ளும் இடம் அது. பெரியவர்களானதும் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். இந்த நோயில் பலருக்கு அப்படிச் சுருங்காமல், தசைக்கு நரம்பின் கட்டளையை வாங்கித்தரும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகத் துணைபோகிறது. 10 முதல் 15 சதவீதம் பேருக்குத் தைமோமா என்ற கட்டியும் இருக்கும். ஸ்கேன் முக்கியமாக அதைத் தேடத்தான்.

எனக்குக் காலையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலமானால் இடது இமை இறங்கிவிடும். சாப்பாட்டின் நடுவில் தாடை ஓய்ந்துபோய், கையால் முட்டுக்கொடுத்து மெல்லுவேன். வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். முதலில் பார்த்த டாக்டர் 'மனசு சரியில்லை' என்றார். காலை நேரத்தில் போனதால் அவருக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்க்கச் சொல்லியிருந்தால் இமை அவர் கண்முன்னாலேயே இறங்கியிருக்குமே!

எனக்குக் கட்டி இல்லை; ஏற்பி எதிர்ப்பொருள் பாசிட்டிவ். அதனால் சுரப்பியை எடுத்தார்கள். கட்டி இல்லாதவர்களுக்கு எதற்கு வெட்டு என்று சண்டைக்கு வருவார்கள். 2016-ல் வெளியான ஆய்வில் 126 பேரைச் சேர்த்து 3 ஆண்டுகள் பார்த்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களைவிட அறுவையும் செய்துகொண்டவர்களுக்குப் பலவீனமும் குறைந்தது, ஸ்டீராய்டு தேவையும் குறைந்தது. அதற்காக எல்லோரும் போய்ப் படுக்க வேண்டியதில்லை. ஏற்பிக்குப் பதிலாக மஸ்க் (MuSK) என்ற வேறொரு தசைப் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் உள்ள வகைக்கு இந்த அறுவையைப் பொதுவாகச் சொல்வதில்லை. பலனும் மறுநாளே வராது. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். தசைக்குத் தற்காலிகமாகத் தெம்பு தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை நான் இன்னும் போடுகிறேன், முன்பைவிடக் குறைவாக.

அப்புறம், நெஞ்சைத் தட்டினால் தைமஸ் விழித்துக்கொள்ளும் என்று வீடியோ அனுப்புகிற உறவினர்களே, எனக்கு அந்தச் சுரப்பியே இல்லை. குடும்பப் படத்தில் 'ஏன் முறைக்கிறாய்' என்றும் கேட்காதீர்கள். அது என் சிரிப்பு. முகத்தசை அவ்வளவுதான் தூக்கும்.