அரசியல் அனுபவமே இல்லாத பிரபலங்கள் நேராகப் பெரிய பதவிக்கு வரலாமா? நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா?

எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் பக்கம். சினிமாவிலிருந்து வந்தவரை ஜெயிக்க வைத்தும் பார்த்த, தோற்கடித்தும் பார்த்த தொகுதி. அதனால் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்போது களத்தில் இருப்பவர்களைப் பற்றி எழுதப் போவதில்லை. முடிந்துபோன தேர்தல்களையும் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் வைத்துச் சொல்கிறேன்.

வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தபோது எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவியும் அதில் சேர்ந்தது. அம்மாவை நிற்கச் சொன்னார்கள். அம்மா எட்டாவது வரை படித்தவர். பி.டி.ஓ. ஆபீஸ் வாசலைக்கூட அதுவரை மிதித்ததில்லை. ஊருக்குள் தாத்தாவுக்கு நல்ல பேர் இருந்தது. அந்தப் பேருக்கு விழுந்த ஓட்டில் அம்மா ஜெயித்தார்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் பொழுது சாய்ந்த நேரத்தில் பஞ்சாயத்து கிளார்க் தீர்மான நோட்டோடு வந்தார். நான் அப்போது பிளஸ் ஒன். திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். "இங்க ஒரு கையெழுத்து போடுங்க தலைவரம்மா" என்று பக்கத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். அந்த விரலுக்கு மேலே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. "மேல எதுவும் எழுதலியே?" என்று அம்மா கேட்டார். "ஆபீஸ்ல போய் எழுதிக்கலாம், வழக்கமா இப்படித்தான்" என்றார். அம்மா போட்டுவிட்டார்.

அடுத்த கோடையில் காலனிப் பெண்கள் காலிக் குடங்களோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். காலனி வரைக்கும் பைப்லைன் போட்டு முடித்ததாகக் கணக்கில் இருக்கிறது, பில்லும் பாஸ் ஆகிவிட்டது. குழாயோ மாரியம்மன் கோயிலோடு நின்றிருந்தது. வேலை திருப்தியாக முடிந்தது என்ற தீர்மானம் அந்த வெற்றுப் பாதிப் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்து. அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் அம்மா படிக்க ஆரம்பித்தார். எஸ்டிமேட் என்றால் என்ன, செய்த வேலையை அளந்து பதியும் எம்-புக்கில் என்ன எழுதுவார்கள், செக்கில் துணைத் தலைவர் கையெழுத்தும் எதற்கு வேண்டும் என்று ஒவ்வொன்றாக. நான் வாசித்துக் காட்டுவேன், அம்மா பென்சிலால் கோடு போடுவார். இரண்டாவது வருஷம் ஓவர்சியர் வந்தால் டேப்பின் ஒரு முனையை அம்மாவே பிடித்துக்கொண்டு நடந்தார். காலனிக்குத் தண்ணீர் போய்ச் சேர மொத்தம் ஒன்றரை வருஷம் ஆனது. அத்தனை நாளும் அந்தப் பெண்கள் தோட்டத்துக் கிணறுகளில் நின்று கேட்டுத்தான் தண்ணீர் சேந்திக்கொண்டு போனார்கள். அம்மா தொழில் கற்றுக்கொண்டதற்கு ஆன செலவை அவர்கள் கொடுத்தார்கள்.

அனுபவம் இல்லாதவர் வரலாமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் குடங்கள்தான் கண் முன்னால் வரும். ஒரு பஞ்சாயத்தில் அது ஒன்றரை வருஷத் தண்ணீரோடு போயிற்று. ஒரு மாநிலத்தில் எவ்வளவு பேர் கொடுக்க வேண்டியிருக்கும்?

"அனுபவசாலிகள் மட்டும் என்ன செய்து கிழித்தார்கள்?" என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் பஞ்சாயத்தில் எல்லோரையும்விட அனுபவம் உள்ளவர் அந்த கிளார்க்தான். பழகிய முகங்கள் மேல் வெறுத்துப்போய்த்தான் ஜனங்கள் புது முகத்தைத் தேடுகிறார்கள். அந்த வெறுப்பை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் "எம்.ஜி.ஆர். வரவில்லையா, ஜெயலலிதா வரவில்லையா" என்று உதாரணம் காட்டுவதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1953-லேயே தி.மு.க.வில் சேர்ந்தவர். 1962-ல் மேலவை உறுப்பினர், 1967-ல் பரங்கிமலை எம்.எல்.ஏ., 1972-ல் தனிக்கட்சி, முதல்வரானது 1977-ல். இடையில் இருபத்து நாலு வருஷம்! ஜெயலலிதா 1991-ல் எங்கள் பர்கூரில் ஜெயித்து முதல்வரானபோது, கட்சியில் ஒன்பது வருஷம் இருந்து, கொள்கை பரப்புச் செயலாளர், ராஜ்யசபா உறுப்பினர், எதிர்க்கட்சித் தலைவர் என்று எல்லாம் பார்த்து முடித்திருந்தார். இவர்களை நடிகர்கள் என்று சொல்லலாம், அனுபவம் இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. சினிமாப் புகழ் மட்டும் போதும் என்றால் சிவாஜி கணேசன் 1989-ல் திருவையாற்றில் தோற்றிருக்க மாட்டார். எங்கள் தொகுதியிலேயே 1991-ல் ஜெயலலிதாவை எதிர்த்து நின்ற டி.ராஜேந்தரும் தோற்றார்.

அதே பர்கூர்தான் 1996-ல், முதல்வராக இருந்த ஜெயலலிதாவை எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்கடித்தது. எங்கள் ஆயா (பாட்டி) 91-ல் அவருக்குப் போட்டவர். 96-ல் மாற்றிப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "பாக்கறதுக்கு ஓட்டு ஒரு தடவதான்டா கண்ணு" என்றார்.

நிஜமாகவே அனுபவம் இல்லாமல் வந்தவர் யார் என்றால் தெலுங்கு நடிகர் என்.டி.ஆர். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள், எல்லையைத் தாண்டினால் குப்பம். அதனால் அவர் எங்களுக்கு வெளியாள் இல்லை. 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி, 1983 ஜனவரியில் முதல்வர். ஒன்பதே மாதம். ஆந்திரம் உருவான நாளிலிருந்து ஆண்டுகொண்டிருந்த காங்கிரஸை இறக்கினார். கிலோ இரண்டு ரூபாய் அரிசி கொண்டுவந்தார். பரம்பரையாக வந்த கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தார். அந்தக் கிராம அதிகாரத்துக்குள் ஊறிய ஒருவர் அதில் கை வைக்கத் துணிந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். வெளியிலிருந்து வருபவருக்கு அந்தத் துணிச்சல் உண்டு, அதை நான் மனதாரச் சொல்வேன்.

ஆனால் 1984-ல் இதய அறுவை சிகிச்சைக்கு அமெரிக்கா போய்வந்தவரை, அவருடைய மந்திரிசபையிலேயே இருந்த, பழைய காங்கிரஸ்காரரான நாதெண்ட்ல பாஸ்கர ராவ் கவிழ்த்தார். ஜனங்கள் கொதித்தெழுந்ததால் ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். 1995-ல் மருமகன் சந்திரபாபு நாயுடு எம்.எல்.ஏ.க்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டபோது திரும்பி வர முடியவில்லை. அந்த நாயுடு குப்பம் எம்.எல்.ஏ., 1978-லிருந்தே அரசியலில் இருந்தவர். ஓட்டு என்.டி.ஆர். முகத்துக்கு விழுந்தது. கட்சியின் சாவி, தொழில் தெரிந்தவர் கைக்குப் போயிற்று.

வெளிநாட்டிலும் இதேதான். உக்ரைனில் நகைச்சுவை நடிகர் ஸெலென்ஸ்கி 2019-ல் 73 சதவீத ஓட்டு வாங்கினார். தலைநகரைப் படை சூழ்ந்து வந்தபோது ஓடாமல் நின்றார், அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் தன் நகைச்சுவைக் குழுவிலிருந்த பால்ய நண்பரை உளவுத் துறைக்குத் தலைவராக வைத்தவர், போர் நடுவில் 2022 ஜூலையில் அவரை நீக்க வேண்டியதாயிற்று. ஹாலிவுட் நடிகராக இருந்த ரீகன் கதை வேறு. அமெரிக்க ஜனாதிபதி ஆவதற்கு முன்னால் எட்டு வருஷம் கலிபோர்னியா கவர்னராக இருந்தார்.

ஆந்திரத்து நடிகர் பவன் கல்யாணையும் சொல்லியாக வேண்டும். 2014-ல் கட்சி. 2019-ல் நின்ற இரண்டு தொகுதியிலும் தோல்வி. வீட்டுக்குப் போகவில்லை. 2024-ல் கட்சி நின்ற 21 சட்டமன்றத் தொகுதியிலும் ஜெயித்தது. அந்த ஐந்து வருஷத் தோல்விதான் அவருக்குப் பள்ளிக்கூடம் என்று நினைக்கிறேன்.

ஒகேனக்கல்லைச் சொல்லாமல் எங்கள் மாவட்டத்துக்காரன் எப்படி முடிப்பது? தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. குழந்தைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும், வயதானவர்களுக்கு முட்டி மடங்காது. 2008-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியபோது, ஏப்ரல் 4-ம் தேதி சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ரஜினி பேசினார். அவருடைய பூர்வீகம் நாச்சிக்குப்பம், எங்கள் மாவட்டம்தான். அன்றைக்கு எங்களுக்காக ஒருத்தர் வாய் திறந்தாரே என்று ஊரே நெகிழ்ந்தது உண்மை. பிரபலத்தின் குரலுக்கு அப்படி ஒரு மதிப்பு இருக்கிறது.

தண்ணீர் வந்தது 2013-ல். ஜப்பான் கடன், நூற்றுக்கணக்கான பொறியாளர்கள், கருணாநிதி ஆட்சியில் அடிக்கல், ஜெயலலிதா ஆட்சியில் திறப்பு. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக யாரோ ஒருவர் தினமும் துரத்தினால்தான் குழாயில் சொட்டு விழும். அந்தத் துரத்தல் மேடையில் பழகும் வேலை இல்லை.

அதே ரஜினி 2017 கடைசியில் அரசியலுக்கு வருகிறேன் என்று சொல்லி, 2020 டிசம்பரில் உடல்நிலையைக் காட்டி வரவில்லை என்றார். இங்கே பல பேருக்கு ஏமாற்றம். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

என் ஓட்டைக் கேட்டிருக்கிறீர்கள். எம்.எல்.ஏ.வாக நின்று சட்டசபையில் ஐந்து வருஷம் உட்காரத் தயார் என்று வருகிற பிரபலத்துக்கு நல்லவர் என்று பட்டால் போடுவேன். எடுத்த எடுப்பில் முதல்வர் நாற்காலி என்றால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். நிதியை யார் பார்ப்பார், தண்ணீரை யார் பார்ப்பார் என்று பெயர் சொல்ல முடியாதவருக்குப் போட மாட்டேன். அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஓட்டுக் கேட்டு யார் வாசலுக்கு வந்தாலும் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, "எம்-புக்குன்னா என்னன்னு தெரியுமா தம்பி?" என்று இன்றும் கேட்கிறார்.