பதில்: காப்பகத்தில் உள்ளே படுக்க மறுக்கும் அம்மா
கிருஷ்ணகிரி வீடற்றோர் காப்பகத்தில் ஒரு அம்மா கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே படுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெருவில் வாழ்ந்து அடிபட்டவர்களில் பலருக்கு வெளியேறும் வழி கண்ணில் தெரிந்தால்தான் தூக்கம் வரும். கதவு தெரிகிற மாதிரி, முதுகுக்குச் சுவர் இருக்கிற ஓரக் கட்டிலை அவருக்கே ஒதுக்குங்கள். தினமும் இடம் மாற்றாதீர்கள். கட்டில்களுக்கு நடுவே இடுப்பளவு தடுப்பு போதும். 2024 வரை நடந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், இப்படிப்பட்ட காப்பகங்களில் ஆளுக்கு 50 சதுர அடி வேண்டும் என்று விதித்திருந்தது, அளந்து பாருங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்பக்கம் ஒழுங்காக விழுகிறதா? பாதிப் பயம் அங்கேதான். போகிற வழியில் இரவு முழுக்க ஒரு சின்ன பல்பு எரியட்டும். எழுப்ப நேர்ந்தால் தொடாமல், எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்புறம், பெண்கள் பகுதிக்கு ஆண் வாட்ச்மேன் என்று எழுதியிருக்கிறீர்களே? முதலில் அதை மாற்றுங்கள்.