அட்டவணை இருக்கிறது, வேலைதான் நடக்கவில்லை: வாசகர் கேள்வி-பதில்

உயர்தரம் இரண்டாம் தரம் எடுக்கிறேன், உயிரியல் பிரிவு. விடிய நாலரைக்கு எழும்பி மேசையில் இருந்தும் கொப்பியைத் திறக்க ஆறரையாகிறது. நேர அட்டவணையை எத்தனையோ தரம் மாற்றிப் பார்த்துவிட்டேன்.
– மாணவி, உவர்மலை

அட்டவணையை இனித் தொடாதீர்கள் தங்கச்சி. கலர் பேனையால் கோடு போட்டுப் புது அட்டவணை எழுதுவதும் தள்ளிப்போடல்தான். படித்தமாதிரி ஒரு திருப்தியைத் தருவதால் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"4.30 – 6.30 இரசாயனவியல்" என்று எழுதியிருப்பீர்கள். இரசாயனவியலில் எது? அதை விடிய நாலரைக்குத் தூக்கக் கலக்கத்தில் முடிவெடுக்கப் போனால், மனம் பயப்படுகிற அலகை விட்டுவிட்டுத் தெரிந்த அலகையே தேடும், அல்லது ஜன்னலைப் பார்க்கும். சோம்பல் என்று உங்களையே ஏசுவதில் பலனில்லை. அந்தப் பாடத்தை நினைத்ததும் வருகிற பதற்றத்திலிருந்து தப்புவதற்குத்தான் ஆள் தள்ளிப்போடுகிறது.

முடிவை இரவே எடுத்துவிடுங்கள். படுக்கமுன், கடந்தகால வினாத்தாளில் நாளை செய்யப்போகும் பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள். பக்கத்தில் வெற்றுத்தாள், அதில் முதல் கேள்வியின் இலக்கம், மேலே பேனை. மற்றக் கொப்பிகள் எல்லாம் அலுமாரிக்குள். "முகம் கழுவி வந்ததும் 11ஆம் கேள்வி" என்று ஒரு துண்டில் எழுதுங்கள். இன்னது முடிந்ததும் இன்னது என்று முன்கூட்டியே கட்டிவைக்கிற இந்த முறையை உளவியலாளர் பீற்றர் கொல்விட்சர் 1999இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். "நன்றாகப் படிப்பேன்" என்ற உறுதிமொழியைவிட இது வேலை செய்யும்.

பல்தேர்வில் 50 கேள்விக்கு 2 மணித்தியாலம். அப்படியென்றால் 10 கேள்விக்கு 24 நிமிடம். பிரான்செஸ்கோ சிரிலோ 1980களின் கடைசியில் உருவாக்கிய பொமொடோரோ முறையில் ஒரு சுற்று 25 நிமிடம், பிறகு 5 நிமிட ஓய்வு. இரண்டும் நன்றாகப் பொருந்தும்: ஒரு சுற்றுக்குப் பத்துக் கேள்வி. நாலு சுற்று முடிய 15 முதல் 30 நிமிடம் எழும்பி நடவுங்கள். திருத்துவதைத் தனிச் சுற்றாக வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உடனே விடை பார்த்தால் ஓட்டம் அறுந்துவிடும். கட்டுரை வினாவுக்கு 25 நிமிடம் காணாது. 50 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்று மாற்றுங்கள்.

இந்த முறை பிழைப்பது பெரும்பாலும் ஓய்வில்தான். அந்த 5 நிமிடத்தில் போனை எடுத்தால் அடுத்த சுற்று இல்லை. நேரம் பார்க்கச் சாதாரண மணிக்கூடு போதும்.

நாலரைக்கு எழும்புகிறவர் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ரியூசன் முடிந்து வந்து பன்னிரண்டாகிறதென்றால், காலமை ஆறரைக்கு எழும்புங்கள். நித்திரை காணாத மூளைக்கு எந்த முறையும் பிடிபடாது.

வீட்டிலிருந்து லண்டன் நிறுவனமொன்றுக்கு வடிவமைப்பு வேலை செய்கிறேன். நாள் முழுக்க லப்டொப் முன்னால்தான், ஆனால் வேலை இரவு பதினொன்றுக்குத்தான் நகர்கிறது.
– வாசகர், கிண்ணியா

லண்டனில் காலை 9 மணியாகும்போது நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அதுவரை அங்கிருந்து ஒருவரும் உங்களைத் தேடப்போவதில்லை. மூளையைக் கசக்குகிற வேலையை 8 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் முடியுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மத்தியானத்தில் புது வடிவம் யோசிக்க உட்காருவது வீண். அந்த நேரத்துக்குக் கோப்புப் பெயர் மாற்றுவது, அளவு திருத்துவது, பதில் அனுப்புவது போதும்.

அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸ் போய் 'டிஜிட்டல் வெல்பீயிங்' திறந்து, 'ஃபோகஸ் மோட்'டில் பேஸ்புக், டிக்டொக், யூடியூப் மூன்றையும் தெரிவுசெய்து, 8 முதல் 12 வரை தானாக மூடும்படி நேரம் குறியுங்கள். சில போன்களில் அது 'மோட்ஸ்' என்ற பெயரில் இருக்கும். வட்ஸ்அப்பை மூடவேண்டாம், குழுக்களை மட்டும் மியூட் பண்ணுங்கள். எல்லாவற்றையும் அடைத்தால் அவசர அழைப்பு ஒன்று தவறிய அன்றே முழு ஏற்பாட்டையும் கழற்றிவிடுவீர்கள்.

அலுவலகத்தில் கோப்பு ஒன்றை எடுத்தால் ஐந்து பேர் வந்து கூப்பிடுகிறார்கள். திரும்பி வந்தால் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது.
– எழுதுவினைஞர், திருகோணமலை நகர்

பொதுமக்களை வராதே என்று சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது. திரும்பி வருகிற வழியைத்தான் சுருக்கலாம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெரோய் 2009இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அரைகுறையில் விட்ட வேலையென்றால் ஒட்டல் கூட.

எழும்பமுன் பத்து விநாடி எடுத்துத் துண்டில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: எங்கே நின்றது, அடுத்தது என்ன. "பக்கம் 7, காணி உறுதி இலக்கம் சரிபார்த்தாயிற்று, அளவைப் படத்தோடு எல்லை ஒப்பிட வேண்டும்" என்கிற அளவுக்கு. "மிச்சம் பார்க்கவும்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். துண்டை அந்தப் பக்கத்திலேயே குத்திவிட்டுப் போங்கள்.

நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி வைத்திருக்கிறேன். சீசன் முடிந்தபிறகும் பில்கள் பிளாஸ்டிக் பையிலேயே கிடக்கின்றன.

கணக்கு முடிக்க உட்காராதீர்கள் அண்ணை. தரம் பிரிக்க மட்டும் உட்காருங்கள். முதல் நாள் பையைக் கொட்டி மாதவாரியாகக் குவியல், அவ்வளவுதான். அடுத்த நாள் ஒரு மாதத்தை மட்டும் கொப்பியில் ஏற்றுங்கள். வெயிலில் எழுத்து மங்குகிற வெப்பத்தாள் பில்களை முதலிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

கடைசி நேர நெருக்கடியில்தான் எனக்கு நன்றாக ஓடுகிறது. ஏன் மாறவேண்டும்?
– வளாக மாணவர், கோணேசபுரி

ஓடுகிறது, உண்மைதான். ஆனால் திருத்தி எழுத நேரமில்லாத முதல் பிரதியைத்தான் நீங்கள் ஒப்படைக்கிறீர்கள். உங்களுக்குக் கெடு வேண்டுமென்றால் அதையே பாவியுங்கள்: முதல் அத்தியாயத்தை வரும் வியாழன் பின்னேரம் 4 மணிக்குக் கொண்டுவருகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் இன்றைக்கே கேட்டு நேரம் எடுங்கள். மனதுக்குள் வைத்த கெடுவை மனதே தள்ளிப்போடும்.

இரவு வேலைக்குக் கோப்பி குடிக்கலாமா?

கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணித்தியாலம் எடுக்கும். பத்தரைக்குப் படுக்கிறவர் பின்னேரம் 3 மணியோடு நிறுத்துவது நல்லது. பிளேன்ரீயிலும் கஃபீன் உண்டு.