விதை கேட்லாக்கும் வீட்டுத் தோட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: தக்காளி கடையிலேயே கிடைக்கிறது. கேட்லாக் பார்த்து விதை வாங்கி, மாதக்கணக்கில் காத்திருந்து என்ன கண்டீர்கள்?

பதில்: ருசிதான். விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு லாரியில் நசுங்காத, தோல் தடித்த ரகம் வேண்டும். பெரும்பாலும் முழுதாகப் பழுக்கும் முன்பே பறித்தும் விடுவார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. பறித்த அன்றே தின்ன வேண்டிய மெல்லிய தோல் ரகம், மஞ்சள், கருஞ்சிவப்பு, பழுத்த பிறகும் பச்சையாகவே இருப்பது என எல்லாம் கேட்லாக்கில் உண்டு. நாற்றாக வாங்கப் போனால் விற்பவர் வைத்திருக்கும் இரண்டு மூன்று ரகத்தோடு சரி.

கேள்வி: 'எஃப்1' என்று போட்டிருந்தால் வாங்கலாமா?

பதில்: தாராளமாக. இரண்டு வேறு ரகச் செடிகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறைக் கலப்பின விதை அது. செடிகள் ஒரே சீராக வரும், பல ரகங்களில் நோய் எதிர்ப்பும் இருக்கும். ஆனால் அதில் விதை எடுத்து விதைத்தால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு ஜாடையில் நிற்கும். விதை சேர்க்கும் ஆசை இருந்தால் கலப்பினம் அல்லாத ரகமாகப் பாருங்கள். தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் ரகம் மாறாது. பூசணியை நம்பாதீர்கள், தேனீ எங்கிருந்து மகரந்தம் கொண்டுவரும் என்று தெரியாது. நான் எடுத்து வைத்த பூசணி விதையில் சுரைக்காய் மாதிரி நீளமாக ஏதோ காய்த்தது. கசக்கவும் செய்தது, தூக்கி எறிந்தேன்.

கேள்வி: '70 நாள்' என்று படித்துத் தக்காளி விதைத்தேன். 90 நாளாகியும் பழம் இல்லையே?

பதில்: தக்காளி, மிளகாய், கத்தரிக்கு நாற்றை நட்ட நாளிலிருந்துதான் வழக்கமாகக் கணக்கு. நாற்றுப் பருவத்துக்கு ஐந்தாறு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். நேரடியாக விதைக்கும் பீன்ஸ், கேரட்டுக்கு மட்டும் விதைத்த நாளிலிருந்து.

கேள்வி: லெட்டூஸ் முளைக்கவே இல்லை.

பதில்: ஆழமாகப் புதைத்திருப்பீர்கள். அதற்கு வெளிச்சம் வேண்டும், மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும்.

கேள்வி: போன வருட விதை மிச்சம் இருக்கிறது. போடலாமா?

பதில்: வெங்காயம் என்றால் புதிது வாங்குங்கள், அது சீக்கிரம் வீரியம் இழக்கும். தக்காளி நாலு வருடம்கூடத் தாங்கும். சந்தேகம் இருந்தால் 10 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஆறு ஏழு முளைத்தால் கொஞ்சம் நெருக்கமாக விதைக்கலாம்.

கேள்வி: காசு மிச்சமாகுமா?

பதில்: ஒரு பாக்கெட் விதையைப் பார்த்தால் ஆகும். கேட்லாக்கைப் புரட்டிவிட்டு ஒரே பாக்கெட்டோடு நிறுத்தியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.