துருவ ஒளி பார்க்கும் விடுதியை வடிவமைக்க விரும்பும் மகள்: ஒரு தகப்பனாருக்குப் பதில்

வணக்கம் ஐயா. மகள் பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், பின்லாந்தின் கண்ணாடிக் குடில்களைப் படத்தில் பார்த்ததிலிருந்து "இதைத்தான் டிசைன் பண்ணப்போறேன்" என்று நிற்கிறாள், இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரோரா, அதாவது துருவப் பகுதிகளின் இரவு வானில் ஆடும் துருவ ஒளி, அதைப் பார்ப்பதற்கான விடுதிகளை மட்டுமே வடிவமைத்துப் பிழைப்பது நடக்காத காரியம். ஸ்வீடனின் ஹராட்ஸ் கிராமத்தில் இருக்கும் ட்ரீஹோட்டலில் பைன் மரங்களுக்கு நடுவே உயரத்தில் நிற்கும் 'ஏழாவது அறை'யை வடிவமைத்தது ஸ்னோஹெட்டா நிறுவனம். ஒஸ்லோவின் ஆப்பரா மாளிகையும் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நூலகமும் அவர்கள் வடிவமைத்தவைதான். பத்து வேலைகளுக்கு நடுவே இது ஒன்று, அவ்வளவே. ஆனால் அப்படி ஒரு அறை ஒழுங்காக இயங்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் கட்டட இயற்பியல் என்று, கட்டடத்தில் வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கும் ஒரு துறை இருக்கிறது. மகள் அதைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. குளிரூட்டப்பட்ட மருத்துவமனை, தரவு மையம், குளிர்பதனக் கிடங்கு என்று எல்லா இடத்திலும் அந்த அறிவு தேவைப்படுகிறது.

அவளுடைய ஆசை படத்தோடு நிற்கிறதா, வேலைவரைக்கும் போகுமா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேளுங்கள்: "வெளியே மைனஸ் 30 டிகிரி, உள்ளே இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். கண்ணாடி ஏன் மூடுபனி மாதிரி ஆகவில்லை?"

இதற்குப் பதில் தேடினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். மூச்சிலும் குளியலறையிலும் இருந்து வரும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் வியர்க்கும், பிறகு உறையும். அதைத் தடுக்க மூன்றடுக்குக் கண்ணாடி போடுகிறார்கள். நல்ல மூன்றடுக்குக் கண்ணாடிகூட, வெப்பக்காப்பு செய்த சுவரைவிட நான்கைந்து மடங்கு வெப்பத்தை வெளியே விடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெப்பக்காப்பு நன்றாக இருந்தால் உள்வெப்பம் வெளி அடுக்குவரை போய்ச் சேராது. மேகமில்லாத இரவில், அதாவது அரோரா தெரியக்கூடிய அதே இரவில், அந்த வெளி அடுக்கு தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசிவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, மேலே பனி பூத்துவிடும். அறை கதகதப்பாக இருக்கும், ஆனால் விருந்தாளிக்கு வானம் தெரியாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத உலோக ஆக்சைடு பூச்சில் மின்சாரம் செலுத்திச் சூடாக்கும் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 250 கிலோமீட்டரில், பின்லாந்தின் சாரிசெல்கா பகுதியில் இருக்கும் காக்ஸ்லௌட்டனென் விடுதி தன் கண்ணாடிக் குடில்களால் பெயர் பெற்றதற்கு, கண்ணாடியில் பனி படியாமல் பார்த்துக்கொண்டது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது வெளிச்சம். அறைக்குள் ஒரு விளக்கு எரிந்தால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். மூன்றடுக்கு என்றால் ஒரே விளக்கு இரண்டு மூன்று பிம்பமாகத் தெரியும். எனவே விளக்கை அணைத்தபிறகும் தடுக்கி விழாமல் நடக்கக்கூடிய அறையை வடிவமைக்க வேண்டும்: தரையோரம் மங்கலான விளக்கு, கதவு வைத்த குளியலறை, பக்கத்துக் குடிலின் வெளிச்சம் படாத இடைவெளி. அந்த இடைவெளி இன்னொன்றுக்கும் தேவை. கூரை முழுக்கக் கண்ணாடி என்றால் படுத்திருப்பவர் வானத்தைப் பார்ப்பது போலவே, வழியில் போகிறவர் படுத்திருப்பவரைப் பார்க்கலாம். விளம்பரப் படங்களில் இது தெரியாது.

கூரையே கண்ணாடியாக இருக்க வேண்டுமா என்பதும் இடத்தைப் பொறுத்தது. பூமியின் காந்த முனையைச் சுற்றி ஒரு வளையமாகத்தான் துருவ ஒளி தோன்றுகிறது. பின்லாந்தின் வடகோடியான வடக்கு லாப்லாந்தும் நார்வேயின் ட்ரோம்சோவும் அந்த வளையத்துக்கு அடியிலேயே இருப்பதால் ஒளி தலைக்கு மேலேயே ஆடும். தெற்கே போகப்போக வடக்கு அடிவானத்துக்கு இறங்கிவிடும். அங்கே வடக்குப் பார்த்த ஒரு நல்ல ஜன்னல் போதும், கண்ணாடிக் கூரை வீண் செலவு. ஸ்வீடனின் அபிஸ்கோவுக்கு ஆட்கள் தேடிப்போவதற்குக் காரணம் மலைகளின் மழைமறைவு. அங்கே மேகம் குறைவு. மேகம் மூடிய ஊரில் எவ்வளவு அழகான குடில் கட்டினாலும் வந்தவர் ஏமாந்துதான் திரும்புவார்.

இதையெல்லாம் தாண்டி முதலாளியின் கணக்கு ஒன்று இருக்கிறது. துருவ ஒளிக்கான பருவம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. ஜூனில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. அதே கண்ணாடிக் குடில் அப்போது வெயிலில் புழுங்கும், யாரும் தூங்க முடியாது. திரையும் காற்றோட்டமும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். மேலும், சூரியச் செயல்பாடு சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குவது. அது உச்சக்கட்டத்தை எட்டிவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. உங்கள் மகள் அனுபவம் பெற்று வரும்போது சுழற்சி இறங்கி மறுபடி ஏறத் தொடங்கியிருக்கலாம். வளையத்துக்கு அடியில் உள்ள ஊர்களில் அப்போதும் ஒளி தெரியும். ஆனால் இன்றைய பரபரப்பை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம்.

இனி படிப்பு. பி.ஆர்க்கை இங்கேயே முடித்து, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துவிடட்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. பாதியில் விட்டுவிட்டு வெளிநாடு போகிறேன் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். முதுகலைக்குப் பின்லாந்தில் ஔலு, ஸ்வீடனில் உமியோ, நார்வேயில் ட்ரொன்ஹெய்ம் ஆகிய ஊர்களின் பல்கலைக்கழகங்களில் கட்டடக்கலைப் பள்ளிகள் உண்டு. அங்கெல்லாம் இலவசம் என்று பழைய வீடியோக்களைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். ஸ்வீடன் 2011லிருந்தும், பின்லாந்து 2017லிருந்தும், நார்வே 2023லிருந்தும் ஐரோப்பியர் அல்லாத மாணவர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. உதவித்தொகை கிடைத்தால் போகலாம். முழுக்கடனில் போவதை நான் ஆதரிக்க மாட்டேன், ஏனென்றால் அங்குள்ள சிறிய அலுவலகங்களில் உள்ளூர் மொழி தெரியாமல் வேலை கிடைப்பது சிரமம்.

செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. லடாக்கின் ஹான்லே கிராமத்தில் 2022இல் இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகம் (செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் பகுதி) அறிவிக்கப்பட்டது. உள்ளூர்க்காரர்களே தொலைநோக்கி வைத்து, வீட்டில் தங்கவைத்து வானம் காட்டுகிறார்கள். 2024 மே மாதச் சூரியப் புயலின்போது அங்கேயே வானம் சிவந்தது. இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது: கடுங்குளிர், இருட்டு, விருந்தாளி மூன்றும் இருக்கின்றன. லே அருகே ஃபே கிராமத்தில் இருக்கும் செக்மால் என்ற மாற்றுப் பள்ளியின் வளாகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தெற்குப் பார்த்த கண்ணாடியால் வெயிலைப் பிடித்து மண் சுவரில் சேமித்துக் குளிர்காலத்தைக் கடத்துகிறார்கள். டிசம்பரில் சூரியனே எழாத சாரிசெல்காவில் அந்த வித்தை பலிக்காது. ஏன் என்று அவளே இரண்டு பக்கம் எழுதி, வரைபடத்தோடு போர்ட்ஃபோலியோவில் வைத்தால், அழகான பத்து கணினிப் படங்களைவிடத் தேர்வாளர் அதைத்தான் நின்று பார்ப்பார்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரம், ஹான்லே சுமார் 4,300. விமானத்தில் இறங்கியதும் கிளம்பிவிடாமல், முதல் இரண்டு நாளை லேயிலேயே ஓய்வாகக் கழிக்கும்படி பயணத்தைப் போட்டுக்கொடுங்கள்.