மாடித் தொட்டியில் தாமரை: கேட்டவர்களுக்குப் பதில்

பதினொரு வருடமாக மொட்டைமாடியில் தாமரை வளர்க்கிறேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

விதையைத் தண்ணீரில் போட்டு ஒரு மாதம் ஆகிறது. அப்படியே கிடக்கிறது.

ஓடு கல் மாதிரி. தண்ணீர் உள்ளே போகவில்லை. சீனாவில் வற்றிப்போன ஓர் ஏரிப் படுகையில் கிடைத்த விதை சுமார் 1300 வருடம் கழித்து முளைத்தது. அவ்வளவு காலம் காத்தது அந்த ஓடுதான். விதையின் ஒரு முனை கூராக இருக்கும், அதைத் தொட வேண்டாம். குழிந்த முனையை உப்புத்தாளில் தேயுங்கள். கறுப்பு போய் வெளிர்மஞ்சள் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். தினமும் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரத்தில் பச்சை முளை வரும்.

கிழங்கு வாங்கியிருக்கிறேன். எதில், எப்படி நடுவது?

ஓட்டை இல்லாத, ஒன்றரை அடி அகலமுள்ள வட்ட டப். சதுரத் தொட்டி வேண்டாம், ஓடும் கிழங்கு மூலையில் முட்டிக்கொள்ளும். அரை அடிக்கு வயல் களிமண்ணோ ஏரி வண்டலோ போடுங்கள். தேங்காய் நார் மிதக்கும், வேண்டாம். கிழங்கை ஓரமாகப் படுக்கவைத்து, முளை நுனி நடுவைப் பார்த்து மண்ணுக்கு வெளியே இருக்கும்படி நடுங்கள். அந்த நுனியில் கை படக் கூடாது. ஒடிந்தால் பெரும்பாலும் கிழங்கே அழுகிவிடும். தினம் ஆறு மணி நேரம் வெயில் வேண்டும்.

நட்டுப் பத்து நாள் ஆகிறது. என்ன உரம் போடலாம்?

ஒன்றும் போடாதீர்கள். முதலில் காசு மாதிரி மிதக்கும் இலைகள் வரும். நீருக்கு மேல் இலை நிமிர்ந்து நின்ற பிறகுதான் உரம்.

இணையத்தில் நீலத் தாமரை விதை வாங்கினேன். பூ ரோஸாகப் பூத்திருக்கிறது.

ஏமாற்றிவிட்டார்கள். தாமரையில் வெள்ளை, ரோஸ், அமெரிக்க இனத்தில் மஞ்சள், இவற்றின் கலப்புகள், அவ்வளவுதான். நீலம் கிடையாது.

கிடையாதா? எங்கள் ஊர்க் குளத்தில் பாட்டி நீலத் தாமரை பறித்து சாமிக்கு வைப்பார்.

பாட்டி பறித்தது நீல அல்லியாகத்தான் இருக்கும். நீலோற்பலம் என்பதும் அதுதான். இலங்கையின் தேசிய மலரும் அதுவே. குளத்தங்கரையில் இலையைப் பாருங்கள். தாமரை இலை வெட்டில்லாத முழு வட்டம், காம்பு நடுவில் இருக்கும், மேலே தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டோடும். அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும். பூ உதிர்ந்ததும் தாமரைப் பொகுட்டு நீருக்கு மேலேயே நிற்கும். அல்லிக் காய் தண்ணீருக்குள் போய்விடும்.

பெயரில் என்ன இருக்கிறது? நீலத் தாமரை என்றே சொல்லிவிட்டுப் போகலாமே.

சொல்லலாம், ஆனால் அந்தப் பெயரை வைத்துத்தான் விற்கிறார்கள். அல்லி விதை கசகசா மாதிரி பொடியாக இருக்கும். கடலை அளவில் கறுப்பாக எதைக் கொடுத்தாலும் அது தாமரை விதை, நீலமாகப் பூக்காது. காசு கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து மனசு உடைந்து எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கொசு வராதா?

நாலைந்து கப்பி மீன் விடுங்கள், புழு தங்காது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் டப்பின் மேல் கட்டாயம் கம்பி வலை போடுங்கள்.

இலை இன்னும் மிதக்கிறது, டிஏபி போடலாமா?

உரக் கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. நிமிர்ந்த இலை வரட்டும்.

சாணம் போடலாமா?

பச்சைச் சாணம் கூடவே கூடாது. தண்ணீர் நாறி, கிழங்கு அழுகும்.

மார்கழியில் எல்லா இலையும் காய்ந்துவிட்டது. செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டப் போகிறேன்.

கொட்டாதீர்கள்! கிழங்கு அடியில் உறங்குகிறது. தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தை கடைசியில் டப்பை மெதுவாகச் சாய்த்து, சேற்றைக் கையால் அலசிப் பாருங்கள். வாழைப்பழம் கோத்த மாதிரி கணுக்கணுவாகக் கிழங்கு கிடக்கும். இரண்டு மூன்று கணு சேர்த்து வெட்டிப் புது மண்ணில் வையுங்கள். முளை நுனி பத்திரம்.