சர்வர் பக்கம்: பழைய ஹோஸ்ட்டை அணைப்பதற்கு முன்

ஒரே சர்வரில் (ஹோஸ்ட்) பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓடவைக்கும் மென்பொருளை விற்கும் விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பது நின்றுபோய், இனி சந்தா மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அதனால் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ-யை விட்டு, அதே வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸுக்குப் போகிறவர்கள் பலர். இந்த மாதக் கேள்விகள் எல்லாமே அதைப் பற்றியவை.

எங்கள் பட்டறையில் ஒரே ஹோஸ்ட், ஈஎஸ்எக்ஸ்ஐ 7, அதில் 9 விஎம்கள். புது சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டாயிற்று. எதிலிருந்து தொடங்குவது?
- வாசகர், ஓசூர்

பழைய ஹோஸ்ட்டிலிருந்து. மாற்றம் நல்லபடியாக முடிவதும் சிக்குவதும், விஎம் இன்னும் பழைய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் செய்து வைப்பதைப் பொறுத்தது.

முதலில் ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பூட் ஆகும் முறை பயாஸா யூஇஎஃப்ஐ-யா, எத்தனை டிஸ்க், ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய அளவு, நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி, நிலையான ஐபி, விலான் எண், யூஎஸ்பி டாங்கிள் உண்டா. பயாஸ், யூஇஎஃப்ஐ விஷயத்தில் கவனம் தேவை. பயாஸில் நிறுவிய விஎம்முக்குப் புது இடத்தில் யூஇஎஃப்ஐ கொடுத்தால் டிஸ்க் முழுசாக வந்து சேர்ந்தாலும் அது பூட் ஆகாது.

அடுத்து ஸ்னாப்ஷாட்டுகள், அதாவது விஎம்மின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்து வைத்தவை. எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள், அவை இருந்தால் இம்போர்ட் (விஎம்மை பிராக்ஸ்மாக்ஸுக்கு இழுப்பது) நத்தை வேகத்தில் நகரும். ஆனால் நீக்கும்போது மாற்றங்கள் மூல டிஸ்க்கோடு சேர வேண்டும், அதற்கு டேட்டாஸ்டோரில் (விஎம் டிஸ்க்குகள் இருக்கும் சேமிப்பிடம்) காலி இடம் வேண்டும். பல மாதமாகக் கிடக்கும் ஸ்னாப்ஷாட் என்றால் இந்த வேலையே சில மணி நேரம் பிடிக்கும். இதை மாற்றும் நாளுக்கென்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, விஎம்முக்குள் நிறுவியிருக்கும் துணை மென்பொருளான விஎம்வேர் டூல்ஸ். இதை ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் இருக்கும்போதே நீக்க வேண்டும். இடம் மாறியபின் நீக்கப் போனால், 'இது விஎம்வேர் விஎம் அல்ல' என்று அதன் நிறுவி வேலை செய்ய மறுக்கும். விண்டோஸில் டூல்ஸ் போனால் அதோடு விஎம்வேர் நெட்வொர்க் கார்டுக்கான விஎம்எக்ஸ்நெட்3 டிரைவரும் போய், நெட்வொர்க் அறுந்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து நீக்கினால் பாதியில் வெளியே நிற்பீர்கள். கன்சோலில் இருந்து, அந்த விஎம்மின் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கையில் இருக்கும்போது, ஷட்டவுனுக்குச் சற்று முன் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஈஎஸ்எக்ஸ்ஐ 7 அடங்கிய விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்றே முடிந்துவிட்டது. நாள் கடத்தாதீர்கள்.

விண்டோஸ் சர்வர் 2019 விஎம்மை இம்போர்ட் செய்தேன். நீலத் திரையில் 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நிற்கிறது. டேட்டா போய்விட்டதா?
- வாசகர், திருப்பூர்

போகவில்லை. டிஸ்க்கை, விஎம்களுக்கென்றே உருவான வேகமான இணைப்பு வகையான விர்ட்ஐஓ ஸ்கஸியில் மாட்டியிருக்கிறீர்கள். அதைப் படிக்கும் டிரைவர் அந்த விண்டோஸிடம் இல்லை. விஎம்மை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா வகையில் மீண்டும் மாட்டுங்கள். சாட்டா டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் எழுந்துவிடும்.

சாட்டாவிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், டேட்டாபேஸ் ஓடும் விஎம்மில் வேக வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். டிரைவரை மட்டும் நிறுவிவிட்டு டிஸ்க்கை மாற்றினாலும் பழைய நீலத் திரையே வரும். அந்த வன்பொருளை ஒரு முறையாவது நேரில் பார்த்தால்தான் விண்டோஸ் அதன் டிரைவரைப் பூட் நேரத்தில் ஏற்றும் பட்டியலில் சேர்க்கும். அதற்காகத்தான் ஒரு தற்காலிக டிஸ்க்.

விஎம் அணைந்திருக்கும்போது ஸ்கஸி கன்ட்ரோலரை 'விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிள்' என்று வையுங்கள். ஸ்கஸி வகையில் 1 ஜிபி டிஸ்க் ஒன்றைச் சேருங்கள். விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓ-வைச் சிடி டிரைவில் மாட்டி, சாட்டா டிஸ்க்கிலிருந்தே பூட் செய்து, ஐஎஸ்ஓ-வில் உள்ள நிறுவியை ஓட்டுங்கள். கையோடு, விஎம்மோடு பிராக்ஸ்மாக்ஸ் பேச உதவும் கெஸ்ட் ஏஜென்ட்டையும் நிறுவுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். அந்த 1 ஜிபி டிஸ்க் அங்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தெரிந்தால் முறைப்படி ஷட்டவுன் செய்து, மூல டிஸ்க்கைக் கழற்றி ஸ்கஸி வகையில் மாட்டுங்கள். தற்காலிக டிஸ்க்கை நீக்குங்கள். ஆப்ஷன்ஸ் பகுதியில் பூட் ஆர்டரைத் திறந்து புதிய ஸ்கஸி டிஸ்க்குக்கு டிக் போடுங்கள். கழற்றி மாட்டிய டிஸ்க் அந்த வரிசையில் தானாகச் சேராது. பலர் இதை விட்டுவிட்டு, பூட் டிஸ்க் இல்லை என்ற செய்தியைப் பார்த்துப் பதறுகிறார்கள்.

மீதி விஎம்களுக்கு இம்போர்ட் திரையின் அட்வான்ஸ்டு பகுதியில் 'ப்ரிபேர் ஃபார் விர்ட்ஐஓ ஸ்கஸி' என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் டிஸ்க் சாட்டாவிலும் கன்ட்ரோலர் விர்ட்ஐஓவிலும் அமைந்து வரும். தற்காலிக டிஸ்க்கை மட்டும் நீங்கள் சேர்த்தால் போதும்.

லினக்ஸ் விஎம்களுக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?
- வாசகர், சென்னை

டெபியன், உபுண்டுவில் பெரும்பாலும் இல்லை. ரெட் ஹாட் குடும்பத்தில் உண்டு. அங்கே டிராகட் என்ற கருவி அந்த நேரத்தில் இருக்கும் வன்பொருளுக்கு மட்டுமே இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடங்கும்போது தேவைப்படும் டிரைவர்கள் அடங்கிய கோப்பு) கட்டும். விஎம்வேரில் கட்டியதில் விர்ட்ஐஓ இருக்காது, புது இடத்தில் எமர்ஜென்சி ஷெல்லில் போய் நிற்கும். கிளம்பும் முன்பே, இருக்கும் வன்பொருளுக்கு மட்டும் கட்டும் இந்த ஹோஸ்ட்ஒன்லி முறையை நிறுத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுங்கள். மறந்துவிட்டால் பூட் மெனுவில் ரெஸ்க்யூ கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்க் கட்டலாம். அதில் எல்லா டிரைவரும் இருக்கும்.

நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறும். ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் இஎன்எஸ்192 என்றிருந்தது பிராக்ஸ்மாக்ஸில் பெரும்பாலும் இஎன்எஸ்18 ஆகும். நெட்வொர்க் அமைப்பை எழுதி வைக்கும் நெட்பிளான் கோப்பில் பழைய பெயரே இருந்தால் விஎம் எழும், ஐபி எழாது. பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேபில் டிஸ்க்குகளைச் சாதனப் பெயரால் எழுதியிருந்தால் அதையும் யூயூஐடி-க்கு (மாறாத அடையாள எண்) மாற்றுங்கள்.

விண்டோஸில் இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும். நிலையான ஐபி-யைக் கொடுத்தால், 'கணினியில் இப்போது இல்லாத வேறொரு கார்டுக்கு இது ஒதுக்கப்பட்டிருக்கிறது' என்று சொல்லும். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, பழைய விஎம்எக்ஸ்நெட்3 கார்டை நீக்கினால் சரியாகும்.

500 ஜிபி டிஸ்க் உள்ள விஎம் எவ்வளவு நேரம் நிற்கும்? லைவ் இம்போர்ட் போட்டால் நிற்காது என்கிறார்களே?
- வாசகர், மதுரை

1 கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தால் 500 ஜிபிக்கு ஏறக்குறைய 1 மணி 15 நிமிடம். விண்டோஸ் டிரைவர் வேலைக்கும் சோதனைக்கும் சேர்த்து 3 மணி நேரம் அறிவியுங்கள். தின் டிஸ்க்காக (எழுதிய அளவுக்கு மட்டும் இடம் பிடிப்பது) இருந்தாலும் ஒதுக்கிய அளவையே கணக்கில் எடுங்கள். ஹோஸ்ட்டுகளை நிர்வகிக்கும் விசென்டர் வழியாக இழுக்காமல் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டையே நேராக இணையுங்கள். வேகம் பல மடங்கு கூடும். ஒரே நேரத்தில் 4 டிஸ்க்குக்கு மேல் வேண்டாம், ஈஎஸ்எக்ஸ்ஐ இணைப்புகளை மறுக்கத் தொடங்கும்.

லைவ் இம்போர்ட்டிலும் மூல விஎம்மை அணைத்துத்தான் தொடங்க வேண்டும். புது விஎம் உடனே எழும், டேட்டா பின்னாலேயே வந்து சேரும். நடுவில் இணைப்பு அறுந்து இம்போர்ட் தோற்றால், எழுந்ததிலிருந்து அந்த விஎம்மில் எழுதியது அத்தனையும் போய்விடும். கணக்கு, பில்லிங், அஞ்சல் சர்வர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

டொமைன் கன்ட்ரோலரையும் (பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் விண்டோஸ் சர்வர்) இப்படியே மாற்றலாமா? அதில் பிட்லாக்கர் டிஸ்க் என்க்ரிப்ஷனும் இருக்கிறது.
- வாசகர், கோயம்புத்தூர்

மாற்றலாம், ஆனால் புது விஎம்மை ஒரு நாள் ஓடவிட்டுப் பிறகு பழைய பிரதியை எழுப்பக் கூடாது. மற்ற கன்ட்ரோலர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட வரிசை எண்ணோடு அது திரும்பி வரும். கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் தகவலைப் பகிரும் ரெப்ளிகேஷன் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். பிராக்ஸ்மாக்ஸில் ஒரு புதிய விண்டோஸ் விஎம்மை நிறுவி, அதை இன்னொரு கன்ட்ரோலராகச் சேர்த்து, பொறுப்புகளை மாற்றிவிட்டுப் பழையதை முறைப்படி விலக்குவதே பாதுகாப்பான வழி.

வேறு விஎம்களில் பிட்லாக்கர் இருந்தால்: விடிபிஎம்மில் (விஎம்மின் மெய்நிகர் பாதுகாப்புச் சில்லு) உள்ள சாவி விஎம்வேரிலிருந்து கூட வராது. ரெகவரி கீ-யைத் தாளில் எடுத்து வைத்து, கிளம்பும் முன் என்க்ரிப்ஷனை நீக்கிவிடுங்கள். புது இடத்தில் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு சர்வரை வைத்து கிளஸ்டர் போடலாமா?
- வாசகர், சேலம்

போடலாம். சர்வர்களை ஒன்றாக இணைக்கும் கிளஸ்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு, அதனால் மூன்றாவது ஓட்டு ஒன்று வேண்டும். இரண்டில் ஒன்று விழுந்தால் மற்றதற்குப் பெரும்பான்மை இருக்காது; ஓடுகிற விஎம் ஓடும், புதிதாக எதையும் தொடங்க விடாது. எப்போதும் இயங்கும் ஒரு சிறிய லினக்ஸ் கணினியில் க்யூடிவைஸ் என்ற மென்பொருளை நிறுவினால் அந்த ஓட்டு கிடைக்கும். அதை அந்த இரண்டு சர்வரில் ஒன்றுக்குள் விஎம்மாக மட்டும் வைத்துவிடாதீர்கள்.